பேய் வேஷமும் மனித முகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மேல்நாட்டார் வருஷந்தோறும் அக்டோபர் மாதம் 31-ந் தேதி இரவில் போட்டுக்கொள்ளுகின்ற பேய் வேஷங்களைப் பற்றியதாகும். "நம்மூர்ப் பேய்களைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை, அமெரிக்காக்காரன் பேயைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நாம் சொல்லுவது என்னவென்றால், நம்மூர்ப் பேய் எப்போது பிறந்தது, அதை யார் செய்தார்கள், அதற்கு என்ன செலவாயிற்று, அதனால் யாருக்கு என்ன வரும்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் அகப்படாது. எல்லாம் ஆதிகாலந்தொட்டு இருந்து வருகிறது என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். அமெரிக்காக்காரனுடைய பேய்கள் அப்படியல்ல. அவைகளுக்குப் பிறந்த வருஷம் உண்டு, செய்த ஆள் உண்டு, விற்கிற கடை உண்டு, விலைச்சீட்டும் உண்டு. ஆகவே ஒரு பேய் எப்படி உண்டாகிறது என்பதை முதலிலிருந்து கடைசி வரை கணக்கோடு பார்க்க வேண்டுமானால், அந்த நாட்டுப் பேயைப் பார்ப்பதுதான் சுலபமான வழி.

முதலில் அந்தப் பண்டிகை இன்னதென்று தெரிந்துகொள்ளுவோம். அதற்கு ஹாலோவீன் என்று பெயர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய இடங்களில் இருந்த பழைய கெல்ட் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு விழாக் கொண்டாடி வந்தார்கள். பிறகு கிறிஸ்தவ மதம் வந்து, நவம்பர் 1-ந் தேதியைச் சகல புனிதர்களுக்கும், 2-ந் தேதியை இறந்துபோன சகல ஆத்துமாக்களுக்கும் என்று ஒதுக்கிற்று. புனிதர் நாளுக்கு முந்தின இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கு அர்த்தம். உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருப்பதாகவும், செத்தவர்களின் ஆத்துமா அங்கே வேதனைப்படுவதாகவும், உயிரோடிருப்பவர்கள் ஜெபம் செய்தால் அந்த வேதனை குறையும் என்றும் பாதிரிமார்கள் சொல்லி வைத்தார்கள். அதன் பேரில் இங்கிலாந்தில் ஏழை ஜனங்கள் அந்த நாட்களில் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் செத்தவர்களுக்காக ஜெபம் செய்கிறோம்" என்று சொல்லி, ஆத்துமா ரொட்டி என்பதாக ஒரு பண்டத்தை வாங்கித் தின்றார்கள். பசித்தவன் பசிக்கிறது என்று சொல்லிக் கேட்டால் கிடைக்காத ரொட்டி, செத்தவன் பேரைச் சொன்னால் கிடைத்திருக்கிறது! இதில் ஆச்சரியப்பட நம்மவர்களுக்கு ஒன்றும் இல்லை.

1845 முதல் சுமார் 1852 வரையில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் வரையில் செத்தார்கள். அதற்கு மேலும் பலர் கப்பலேறி வெளிநாடு போனார்கள். அப்படி அமெரிக்கா போனவர்கள் தங்கள் மூட்டைகளோடு இந்தப் பண்டிகையையும் கொண்டு போனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் பெரிய பெரிய பரங்கிக்காய் கிடைத்ததால் அதைக் குடைந்து கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைத்தார்கள். காலப்போக்கில் ஜெபம் போய்விட்டது, வேஷமும் தின்பண்டமும் மிச்சமாயிற்று. இப்போது குழந்தைகள் பேயாகவும், சூனியக்காரியாகவும், எலும்புக்கூடாகவும் வேஷம் போட்டுக்கொண்டு, "தித்திப்புத் தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா?" என்று வீடு வீடாகக் கேட்டு மிட்டாய் வாங்கிப் போகிறார்கள். பெரியவர்களும் வேஷம் போடுகிறார்கள். அந்நாட்டுச் சில்லறை வியாபாரிகளின் சங்கம் 2023-ம் வருஷத்துக்குப் போட்ட மதிப்பின்படி, இந்த ஒரு பண்டிகைக்கு அமெரிக்க ஜனங்கள் செலவிட எண்ணிய தொகை 1,220 கோடி டாலர். அதில் வேஷ உடைக்கு மட்டும் 410 கோடி டாலர். பேய் இல்லையென்று நாம் சொல்லுகிறோம். பேய் வியாபாரம் இல்லையென்று எந்த மடையனாலும் சொல்ல முடியாது.

நிற்க, இந்த வேஷங்களில் இன்று மிகவும் பிரபலமானவைகள் சினிமாவிலிருந்து வந்தவைகளேயாகும். அவைகளில் சிலவற்றின் ஜாதகத்தை மட்டும் பார்ப்போம்.

1978-ல் ஹாலோவீன் என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. எடுத்தவர் ஜான் கார்ப்பென்டர். சுமார் மூன்று லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட சிறிய படம். உலகமெங்கும் ஓடி ஏழு கோடி டாலர் வரையில் சம்பாதித்தது. அதில் மைக்கேல் மையர்ஸ் என்னும் கொலைகாரன், உணர்ச்சியே இல்லாத ஒரு வெள்ளை முகமூடியைப் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த முகத்தைக் கண்டு கோடிக்கணக்கான பேர் நடுங்கினார்கள். அந்த முகம் எங்கிருந்து வந்தது? பாதாளத்திலிருந்தா? மயானத்திலிருந்தா? ஹாலிவுட் கடைத்தெருவில் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் வாங்கி வந்தார்கள்! ஸ்டார் டிரெக் என்ற தொடரில் கப்பல் தலைவனாக வந்த வில்லியம் ஷாட்னர் என்ற நடிகருடைய முகத்தைப் போலச் செய்து விற்ற ரப்பர் முகமூடி அது. அதன் புருவத்தையும் கன்னக் கிருதாவையும் பிடுங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை வர்ணம் அடித்தார்கள். அவ்வளவுதான் சங்கதி. ஒரு கதாநாயகன் முகம், கொஞ்சம் மயிரைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்தது போல் ஆனவுடன் யமனாகிவிட்டது.

1996-ல் ஸ்க்ரீம் என்று ஒரு படம் வந்தது. அதில் வரும் கொலைகாரனின் நீண்டு தொங்குகிற வாயுள்ள வெள்ளை முகமூடியை இன்று தெரியாதவர்கள் இல்லை. படக்காரர்கள் படம் எடுக்க இடம் தேடிக்கொண்டு போனபோது ஒரு வீட்டில் அந்த முகமூடி கிடந்தது. அது ஒரு கம்பெனி ஹாலோவீன் கடைச் சரக்காகச் சில வருஷங்களுக்கு முன்பே செய்து விற்றது. ஆகவே கடையிலிருந்து வீட்டுக்குப் போன சரக்கு, வீட்டிலிருந்து சினிமாவுக்குப் போய், சினிமாவிலிருந்து பன்மடங்கு பயத்தைச் சுமந்துகொண்டு மறுபடியும் கடைக்கே வந்துவிட்டது. சரக்கு அதேதான். இடையிலே அதன்மேல் ஏறியது கதை ஒன்றுதான். ஒரு கல்லோ, ஒரு மரமோ, ஒரு பொம்மையோ கதை ஏறியவுடன் எப்படிக் கையெடுத்துக் கும்பிடத்தக்கதாகவோ, கண்டு ஓடத்தக்கதாகவோ ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ருஜு வேண்டுமா?

இன்னொன்று பாருங்கள். வெள்ளிக்கிழமை 13 என்னும் படவரிசையில் ஜேசன் என்பவன் வருகிறான். 1980-ல் வந்த முதல் படத்தில் கொலை செய்கிறவன் அவனல்ல, அவனுடைய தாயார். இரண்டாம் படத்தில் அவன் தலையில் ஒரு சாக்கை மாட்டிக்கொண்டு வந்தான். 1982-ல் வந்த மூன்றாம் படத்தில்தான் பனித்தரை ஹாக்கி விளையாட்டுக்காரனுடைய முகக் கவசம் அவனுக்குக் கிடைத்தது. அந்தக் கவசத்தின் கதை என்ன? 1959-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, அதாவது ஹாலோவீனுக்கு மறுநாள், ழாக் பிளான்ட் என்ற கனடா நாட்டு விளையாட்டு வீரர் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு, இனிக் கவசம் இல்லாமல் இலக்கைக் காக்கமாட்டேன் என்று முகக் கவசத்தோடு திரும்பி வந்து நின்றார். அதன் பின்பே அது வழக்கமாயிற்று. மனிதன் முகத்தைக் காப்பாற்றச் செய்த ஒரு பொருள், கத்தியோடு சேர்த்துக் காட்டப்பட்டவுடன் பேய் முகமாகிவிட்டது. பொருளிலே பயம் இல்லை, காட்டுகிறவன் காட்டுகிற விதத்திலே இருக்கிறது.

இரத்தக் காட்டேரியான டிராகுலாவை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் அது. அவன் கழுத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் பெரிய காலர் வைத்த அங்கி இன்று எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அந்தக் காலர் 1920-களில் நாடக மேடையில் ஏற்பட்டது. நடிகர் முதுகைக் காட்டி நின்றால் காலர் தலையை மறைத்துவிடும். உடனே அவர் அங்கியை விட்டு நழுவி, மேடையிலிருந்த கள்ளக் கதவு வழியாய்க் கீழே இறங்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்குக் காட்டேரி மாயமாய் மறைந்ததாகத் தோன்றும். கள்ளக் கதவின் சௌகரியத்துக்காகத் தைத்த தையலைக் காட்டேரியின் லட்சணம் என்று உலகம் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது. தையற்காரன் செய்ததைத் தெய்வீகம் என்று நம்புகிற இடம் அந்த ஒரு மேடை மட்டுந்தானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! 1969-ல் ரீட்டா டி விரீஸ் என்ற அமெரிக்க அம்மையார் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு சாதுவான பூனையைக் காட்டினார். பிறகு அந்தப் பூனையின் முகத்தில் நாய் முகமூடி ஒன்றைப் போட்டுக்காட்டி, இது என்ன என்று கேட்டார். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர், பூனை நாயாகிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக் குழந்தைகளோ, முகமூடி போட்டாலும் பூனை பூனைதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். இதை நாம் எதற்காகச் சொல்லுகிறோம்? முகமூடியைப் போட்டவுடன் உள்ளிருக்கும் பிராணி மாறிவிடாது என்கின்ற ஞானம் மனிதனுக்கு ஆறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்குமேல் அறுபது வயது வரையில் அந்த ஞானத்தை மறக்கச் செய்வதற்குத்தான் இவ்வளவு கதையும், மேளமும், புகையும், இருட்டும் தேவையாயிருக்கின்றன!

ஆகையால் இந்தப் பேய் வேஷப் பண்டிகையை நாம் வெறுத்துப் பேச வரவில்லை. ஒரு விதத்தில் அதை மெச்சவும் வேண்டும். நானூறு வருஷத்துக்கு முன் சைத்தான் என்ற பேரைக் கேட்டால் அய்ரோப்பாவில் ராஜாக்களும் நடுங்கினார்கள். இன்று அதே சைத்தானை அய்ந்து வயதுக் குழந்தை சிவப்புச் சட்டையும் துணி வாலுமாக மாட்டிக்கொண்டு மிட்டாய் கேட்கப் போகிறது. பயத்தைப் போக்க ஆயிரம் பிரசங்கம் செய்யாததை இந்தத் துணி வால் செய்திருக்கிறது. இதைக் கண்டு அந்நாட்டுச் சில மதஸ்தர்களுக்குக் கோபம் வருகிறது. இது சைத்தான் வழிபாடு என்கிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களில் சிலர் 1970-கள் முதல் ஹாலோவீன் சமயத்தில் நரக வீடு என்பதாக ஒன்று வைத்து, பாவம் செய்தவர்களைப் பிசாசுகள் நரகத்துக்கு இழுத்துப் போவதாக நடித்துக் காட்டி, கடைசி அறையில் ஜெபத்துக்கு அழைக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். தெருவில் போகும் குழந்தை வேஷத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போகிறது. நரக வீட்டுக்குள் போன குழந்தை பயத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. கழற்றக்கூடிய பயம் விளையாட்டு. கழற்ற விடாத பயம் மதம்.

ஆனால் தோழர்களே, கதை இதோடு முடியவில்லை. பேய் பொய் என்று சிரித்துவிட்டால் நம் வேலை தீர்ந்தது என்று நினைப்பது அரைப் பகுத்தறிவேயாகும். பேய் பொய்தான். ஆனால் அந்தப் பேய்க்கு முகம் வேண்டுமே, அதை யாரிடமிருந்து உரித்தார்கள் என்று கேட்க வேண்டாமா? இதுதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது.

முதலாவதாக, கூம்புத் தொப்பியும் துடைப்பமும் வைத்துக்கொண்ட சூனியக்காரி வேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பச்சை முகம் 1939-ல் வந்த ஒரு வர்ணப் படத்தில் போட்ட பூச்சாகும். அந்தப் பூச்சில் செம்பு கலந்திருந்தது. நடித்த மார்கரெட் ஹாமில்டன் அம்மாள் படப்பிடிப்பில் நெருப்புப் பட்டு முகமும் கையும் வெந்து பல வாரம் படுத்திருந்தார். வேஷக்காரிக்குத் தவறி நேர்ந்த இந்த நெருப்பு, வேஷத்துக்கு மூலமான பெண்களுக்கு வேண்டுமென்றே மூட்டப்பட்டது. அய்ரோப்பாவில் சுமார் முந்நூறு வருஷ காலத்துக்குள் சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரையில் என்று சரித்திரக்காரர்கள் மதிக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் சேலம் என்ற ஊர் வழக்குகளில் 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசியாக மிஞ்சிய ஒரு பெண்மீதிருந்த குற்றம் 2022-ல்தான் சட்டப்படி துடைக்கப்பட்டது. தீர்ப்பெழுத ஒரு வருஷம் ஆகவில்லை, தவறென்று எழுத சுமார் 330 வருஷம் ஆயிற்று!

அந்தக் காலத்திலும் அறிவுள்ளவன் இல்லாமற் போகவில்லை. 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், சூனியமென்று ஒன்றுமில்லை, பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைக் கிழவிகள், செப்பிடு வித்தையெல்லாம் கைவேகம் என்று விளக்கிப் புத்தகம் போட்டார். அதற்கு 1597-ல் மறுப்புப் புத்தகம் எழுதியவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ்! ராஜா கட்சி பேயின் பக்கம், குடிமகன் ஒருவர் அறிவின் பக்கம். சூனியக்காரியின் வளைந்த மூக்கும், கூனும், கோலும், கிழிந்த துணியும் என்ன? தள்ளாமையும் தரித்திரமுமே. திக்கற்ற கிழவியின் அங்க அடையாளங்களைத்தான் இன்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

இரண்டாவதாக, சோம்பி என்னும் நடைப்பிணம். கண் செருகி, கை தொங்கி, சிந்தையில்லாமல் நடக்கும் பிணம். 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படம் முதல் அது மனிதனைத் தின்னும் பிணமாகிவிட்டது. ஆனால் அதன் பிறப்பிடம் ஹெய்தி தேசம். அது பிரெஞ்சுக்காரனிடத்தில் இருந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த அடிமைகளைக்கொண்டு கரும்பு விளைவித்துச் சர்க்கரை காய்ச்சினார்கள். 1789 வாக்கில் அங்கே அடிமைகள் அய்ந்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தார்கள். அவர்கள் 1791-ல் கலகம் செய்து, 1804-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி சுயேச்சை நாடு என்று ஸ்தாபித்துக்கொண்டார்கள். அந்த ஜனங்களுக்கு இருந்த பயம் என்ன? பிணம் வந்து தங்களைத் தின்றுவிடும் என்பதல்ல. செத்த பின்பும் தங்களை எழுப்பி எவனாவது வேலை வாங்குவானோ என்பதுதான்! சாவு ஒன்றுதான் விடுதலை என்றிருந்தவனுக்கு, அதுவும் இல்லாமற் போவதே நரகமாய்த் தோன்றியிருக்கிறது.

1915 முதல் 1934 வரையில் அமெரிக்கச் சேனை ஹெய்தியைப் பிடித்து வைத்திருந்தது. ரோடு போட ஜனங்களைக் கட்டாய வேலைக்கும் இழுத்தது. அந்தக் காலத்தில், 1929-ல், ஒரு அமெரிக்கர் எழுதிய பிரயாணப் புத்தகத்தின் மூலமாய்ச் சோம்பிக் கதை அமெரிக்காவில் பரவிற்று. 1932-ல் வெள்ளைச் சோம்பி என்ற படம் வந்தது. அதில் நடைப்பிணங்கள் என்ன செய்கின்றன? கரும்பு ஆலையில் செக்கைத் தள்ளிக்கொண்டு சுற்றுகின்றன! ஆக, அடிமையின் பயம் எஜமானனுக்குத் தமாஷாயிற்று. இன்று அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு குழந்தை வாங்கப் போவது என்ன? சர்க்கரை மிட்டாய். குழந்தைமேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த வேஷம் எந்தக் கரும்புத் தோட்டத்திலிருந்து நடந்து வந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்காத பெரியவர்கள்மேல் குற்றம் உண்டு.

மூன்றாவதாக, பைத்தியக்காரக் கொலைகாரன். 1957-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து ஒரு கிராமத்தில் எட் கைன் என்பவன் பிடிபட்டான். இரண்டு கொலைகளை ஒப்புக்கொண்டான். புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களைத் திருடினவன். அந்த ஒரு மனிதனைக்கொண்டு 1959-ல் ஒரு நாவலும், அதிலிருந்து 1960-ல் சைக்கோ என்ற படமும், 1974-ல் டெக்சாஸ் ரம்பக் கொலைப் படத்தில் மனிதத்தோல் முகமூடி போட்ட ஒருவனும் வந்தார்கள். நாம் முன்சொன்ன மைக்கேல் மையர்ஸும் பைத்திய ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவன் என்றுதான் கதை. இப்படி ஒருவன் பத்துப் பேராகி, பத்துப் பேர் நூறு வேஷமாகி, மூளை நோய் கண்டவன் என்றாலே கத்தி வைத்திருப்பான் என்ற எண்ணம் ஜனங்களுக்குள் ஊறிவிட்டது. உண்மை என்ன? மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்களல்ல. பிறரால் அடிபடுகிறவர்களாகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள் என்பது வைத்தியர்கள் பலமுறை கண்ட முடிவு. 2013-ல் பிரிட்டனில் இரண்டு பெரிய கடைக்காரர்கள் மனநோயாளி வேஷம் என்று உடையை விற்பனைக்குப் போட்டார்கள். நோய் கண்டு குணமானவர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும், மற்றவர்களும் எதிர்த்துக் கிளம்பவே, கடைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் நோயாளிகள் பலர் தங்கள் சொந்த முகத்தைப் படம் பிடித்து வெளியிட்டு, மனநோயாளியின் வேஷம் இதுதான் என்று காட்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியாரும், குமாஸ்தாவும், தாயாரும் போன்ற சாதாரண முகங்கள்! அதைவிட நல்ல மறுப்பு வேறென்ன இருக்க முடியும்?

நான்காவதாக, வெந்த முகம். 1984-ல் வெஸ் கிரேவன் எடுத்த படத்தில் ஃபிரெடி குரூகர் என்பவன் வருகிறான். விரல்களில் கத்தி வைத்த கையுறை, சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட கம்பளிச் சட்டை, நெருப்பில் வெந்த முகம். கையுறையைக் கழற்றலாம், சட்டையைக் கழற்றலாம். ஆனால் அடுப்பிலோ ஆலையிலோ வெந்துபோன மனிதன் தன் முகத்தை நவம்பர் 1-ந் தேதி காலையில் கழற்றி வைக்க முடியுமா? தழும்புள்ளவன் தீயவன் என்று படத்துக்குப் படம் காட்டினால், பள்ளிக்கூடத்தில் வெந்த முகத்தோடு போய் உட்காருகிற பிள்ளையின் கதி என்ன? இதை உத்தேசித்தே 2018-ல் பிரிட்டிஷ் பட ஸ்தாபனம், முகத் தழும்பை வில்லனுக்கு அடையாளமாய் வைக்கும் படங்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று அறிவித்தது.

தோழர்களே! இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கிழவி, அடிமை, நோயாளி, தழும்புள்ளவன். பேய் என்று எவனையாவது காட்ட வேண்டுமானால், எதிர்த்துக் கேட்க நாதியில்லாதவனாகப் பார்த்துத்தான் காட்டியிருக்கிறார்கள். தோட்ட முதலாளி முகத்தை, கிழவியைக் கொளுத்தத் தீர்ப்பெழுதிய நீதிபதி முகத்தை, அதற்கு வேதவாக்கியம் எடுத்துக் கொடுத்தவன் முகத்தை எந்தக் கடையிலாவது பேய் முகமூடியாய்த் தொங்கவிட்டிருக்கிறானா?

இதனால் விளையும் கெடுதி எண்ணத்தோடு நிற்பதில்லை. தப்பான இடத்தில் பயப்படுகிறவன் சரியான இடத்தில் ஜாக்கிரதையாய் இருக்கமாட்டான். ஹாலோவீன் இரவில் முகந்தெரியாதவன் விஷ மிட்டாய் கொடுத்துக் குழந்தைகளைக் கொல்லுகிறான் என்று அமெரிக்காவில் வெகுகாலமாய் ஒரு கிலி உண்டு. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர், 1958 முதலான பத்திரிகைச் செய்திகளை ஒன்று விடாமல் தேடிப் பார்த்தார். முகந்தெரியாத ஒருவன் வீடு வீடாக வரும் குழந்தைக்கு இப்படி விஷம் வைத்துக் கொன்றதாக ஒரு சம்பவமும் ருஜுவாகவில்லை. 1974-ல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் விஷம் கலந்த மிட்டாய்ப் பொடி தின்று செத்தது மெய்தான். அதைக் கொடுத்தது யார்? பெற்ற தகப்பன்! பிள்ளைமேல் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. பழியை முகந்தெரியாதவன்மேல் போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. ஊரில் உலாவிய பேய்க்கதையே கொலைகாரனுக்கு முகமூடியாயிற்று. 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறிற்று.

மற்றொரு பக்கம், குழந்தைகள் அந்த இரவில் உண்மையாய்ச் சாவது எதனால்? மோட்டார் வண்டியினால். 1975 முதல் 2016 வரையில் 42 வருஷக் கணக்கைப் பார்த்த வைத்திய ஆராய்ச்சிக்காரர்கள், அதற்கு ஒரு வாரம் முந்தியும் பிந்தியும் உள்ள மாலைகளைவிட, ஹாலோவீன் மாலையில் வண்டியில் அடிபட்டு நடைஜனங்கள் சாவது 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். இருட்டு, கறுப்பு உடை, பக்கத்தை மறைக்கும் முகமூடி, வேகமாய் வரும் வண்டி. இதற்குப் பரிகாரம் ஜெபமல்ல. வெளிச்சம் படும் பட்டைத் துணி, கண்ணை மறைக்காமல் முகத்தில் பூசும் மை, கையில் ஒரு விளக்கு, வண்டிக்காரனுக்கு நிதானம். இவைகளே போதும். பேயிடமிருந்து காப்பாற்ற ஆயிரம் பேர் வருவார்கள். வண்டியிடமிருந்து காப்பாற்றப் புத்தி ஒன்றுதான் வரும்.

நம் தேசத்தில் இதெல்லாம் வேஷமாய்க்கூட இல்லை, நிஜமாகவே நடக்கிறது. சூனியக்காரி என்று பேர் சூட்டிப் பெண்களை அடித்துக் கொல்லுவதைத் தடுக்க 1999-ல் பீகாரும், 2001-ல் ஜார்க்கண்டும், 2015-ல் அஸ்ஸாமும் சட்டம் செய்யவேண்டி வந்தது. விதவையாயிருப்பாள், கொஞ்சம் நிலம் வைத்திருப்பாள். நிலத்தின்மேல் ஒருவனுக்குக் கண். உடனே அவள் முகத்தில் சூனியக்காரி முகமூடியை மாட்டிவிடுவார்கள். கடை முகமூடியை நாமே மாட்டிக்கொள்ளுகிறோம், நாமே கழற்றுகிறோம். ஊரார் மாட்டிய முகமூடியை அந்தப் பெண்ணால் கழற்ற முடிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், அந்த வித்தியாசம்தான் உயிர்.

ஆகவே தோழர்களே, பேயென்று எதை யார் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்தவன் யார்? இதனால் வரும்படி யாருக்கு? இது யாருடைய முகம்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் உங்கள் பயம் போகும். இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் பணம் தப்பும். மூன்றாவதற்குப் பதில் தெரிந்தால் ஒரு மனிதன் தப்புவான். முதல் இரண்டோடு நின்றுவிடுகிற பகுத்தறிவு தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொள்ளுகிற பகுத்தறிவு. மூன்றாவதையும் கேட்பதுதான் நாம் விரும்பும் பகுத்தறிவு. குழந்தைகள் வேஷம் போட்டு விளையாடட்டும். பேயைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். சிரிப்பு பேயின்மேல் விழட்டும், எந்த மனிதனின் முகத்தின்மேலும் விழ வேண்டாம்.